மாத்திரையின் கணக்கும் நோயாளியின் சொல்லும்: சென்னை ஆய்விலிருந்து கைப்பேசி வரை காசநோய்த் திட்டத்தின் ஒரு வரலாறு

மருத்துவரிடம் செல்பவர் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, ‘உடம்புக்கு என்ன செய்கிறது?’ என்பது. மருந்து எழுதித் தந்தபின் அடுத்த முறை கேட்கப்படும் கேள்வி வேறு: ‘மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா?’ முதல் கேள்விக்கு விடை தெரிந்தவர் நோயாளி ஒருவரே. இரண்டாவது கேள்விக்கு அவர் தரும் விடை எப்போதும் ஐயத்துக்கு உரியது. நோயாளிகள் தம் அறிகுறிகளையும் உடல்நிலையையும் தாமே பதிவு செய்யும் கைப்பேசிச் செயலிகள் இன்று புதுமையாகப் பேசப்படுகின்றன. எந்தக் கேள்வியைக் கேட்பதற்காக அவை வடிவமைக்கப்பட்டன என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

இந்தியாவில் இத்தகைய ஏற்பாடுகளுள் மிகப் பரவலான ஒன்று காசநோய்த் திட்டத்தில் வளர்ந்தது. அதில் நோயாளி தம் கைப்பேசியால் சொல்லக்கூடிய செய்தி ஒன்றுதான்: ‘இன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டேன்.’ வாந்தி வந்தது, மூட்டு வலிக்கிறது, காதில் இரைச்சல் கேட்கிறது என்று சொல்ல அதில் இடமில்லை. தொழில்நுட்பத்தின் குறையால் இவ்வாறு நேர்ந்ததாகக் கருதுவது பொருந்தாது. காசநோய்ச் சிகிச்சையின் ஏறத்தாழ அறுபதாண்டு வரலாறு அந்த வடிவத்தைத் தீர்மானித்தது. அவ்வரலாறு 1956இல் சென்னையில் தொடங்குகிறது.

சென்னை, 1956

ஐம்பதுகளில் காசநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது, படுக்கை கிடைக்கவில்லை. ஸ்டிரெப்டோமைசின், பாஸ் எனச் சுருக்கமாக வழங்கிய பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், ஐசோனியசிட் ஆகிய மூன்றும் புழக்கத்துக்கு வந்திருந்தன. ஆயினும் ஓய்வு, நல்லுணவு, தூய காற்று ஆகியவற்றோடு சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கினால்தான் நோய் தீரும் என்ற கருத்து வலுவாக இருந்தது. நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்த நாட்டில் சில ஆயிரம் படுக்கைகளைக் கொண்டு அவ்வாறு செய்ய இயலாது.

இந்நிலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. அதன் முதல் ஆய்வுகளை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தாம்பரம், மதனப்பள்ளி சானடோரியங்களில் தங்கி மருந்து உண்டனர். மற்றவர்கள் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்து அதே மருந்துகளை ஓராண்டு உண்டனர். 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான முடிவுகள் உலகெங்கும் கவனம் பெற்றன. வீட்டில் இருந்தவர்களின் உணவு குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் நோய் தணிந்தோரின் அளவு இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரிய யுகம் முடிவுக்கு வந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முதன்மைக் காரணம்.

இவ்வெற்றி ஒரு புதிய கவலையையும் பிறப்பித்தது. சானடோரியத்தில் செவிலியர் கண்முன்னே மருந்து கொடுக்கப்பட்டது. வீட்டிலோ நோயாளி மருந்தை உண்டாரா என்பதை அறிய அவர் சொல் மட்டுமே இருந்தது. பாஸ் எளிதில் உண்ணக்கூடிய மருந்தும் அன்று. நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். மாதக்கணக்கில் அதைத் தவறாமல் உண்பது யாருக்கும் கடினம். இடையிடையே விட்டால் கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும்.

எனவே மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர். எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீர் மாதிரி பெற்றனர். பாஸ் கலந்த சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் நிறம் செவ்வூதாவாக மாறும். மாறாவிட்டால் மருந்து உள்ளே போகவில்லை. நோயாளி ‘சாப்பிட்டேன்’ என்று சொன்னதையும் சிறுநீர் காட்டிய நிறத்தையும் ஒப்பிட முடிந்தது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. நோயாளிகள் தாமே மருந்து உட்கொள்வதிலுள்ள சிக்கலைப் பற்றி 1958இல் ஃபாக்ஸ் தனிக் கட்டுரையே எழுதினார்.

அடுத்த படி தருக்க முறைப்படி வந்தது. சொல்லை நம்ப இயலாதெனில் கண்ணால் காண வேண்டும். நாள்தோறும் காண இயலாதெனில் மருந்தின் தடவையைக் குறைக்க வேண்டும். வாரம் இருமுறை மையத்துக்கு வந்து ஊழியர் முன்னிலையில் ஐசோனியசிட்டும் ஸ்டிரெப்டோமைசினும் பெறும் முறை நல்ல பயன் தருவதாக 1964இல் சென்னை மையம் அறிவித்தது. மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் டாட்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கான வித்துகளுள் ஒன்று இது.

இதைக் கொடுமையாகப் படிப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. மருந்து எதிர்ப்பு உருவானால் பாதிக்கப்படுபவர் அந்நோயாளி மட்டுமல்லர். ஃபாக்ஸும் அவர் தோழர்களும் நோயாளிகளைப் பழிக்கவில்லை. தொடர்ந்து மருந்துண்பது மனித இயல்புக்கே கடினம் என்பதை அளந்து காட்டினர். ஆனால் அந்த அளவீட்டில் நோயாளியின் வாய்மொழி, சரிபார்க்கப்பட வேண்டிய ஒரு கூற்றாக நிலைபெற்றது. அவர் ஏன் மாத்திரையை விட்டார் என்பதைக் காட்டும் வினைப்பொருள் எந்த ஆய்வகத்திலும் இல்லை.

தும்கூர், 1963

அதே ஆண்டுகளில் சென்னைக்கு மேற்கே மற்றொரு நிறுவனம் வேறொரு கேள்வியைக் கேட்டது. 1959இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனத்தின் பணி, நாடு முழுவதற்குமான ஒரு திட்டத்தை வகுத்தளிப்பது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரான ஹாஃப்டான் மாலர் அதன் தொடக்க ஆண்டுகளில் அங்கே பணியாற்றினார். கிராமம் கிராமமாக நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளை அனுப்பி நோயாளிகளைத் தேடுவதா, அவர்களாகவே வருவதற்குக் காத்திருப்பதா என்பது அன்றைய விவாதம். கிராம மக்கள் நோயை விதியென்று விட்டுவிடுவர், தாமாக வரமாட்டார்கள் என்ற எண்ணம் நகரத்து வல்லுநர்களிடம் ஊன்றியிருந்தது.

அந்த எண்ணத்தைச் சோதித்தவர் டி. பானர்ஜி. மருத்துவராகப் பயின்று மானிடவியலிலும் ஈடுபட்ட அவர், பின்னாளில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத் துறையை உருவாக்கியோருள் ஒருவர். ஸ்டிக் ஆண்டர்சனுடன் இணைந்து அவர் தும்கூர் மாவட்டத்தில் மேற்கொண்ட ஆய்வு 1963இல் வெளியாயிற்று. எக்ஸ்ரே, சளிப் பரிசோதனைகளால் நோய் கண்டறியப்பட்டவர்களை வீடுகளில் சந்தித்து, அவர்களுக்கு உடம்பில் என்ன செய்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட்டார்களா, எங்கேனும் சென்றார்களா என்று சமூக ஆய்வாளர்கள் விசாரித்தனர். ஒப்பீட்டுக்காக நோயற்றவர்களிடமும் இவ்வாறே கேட்கப்பட்டது.

சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தம் அறிகுறிகளை அறிந்திருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே சிகிச்சை தேடிச் சென்றிருந்தனர். சென்ற இடத்தில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. மக்கள் தம் உடலைக் கவனித்திருந்தார்கள். வெளியே வந்து சொல்லியும் இருந்தார்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும் ஏற்பாடுதான் இல்லை.

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இப்பார்வையின் மேல் எழுப்பப்பட்டது. மக்கள் உணரும் தேவையே திட்டத்தின் அடித்தளம் என்பது அதன் கோட்பாடு. நோயாளி தாமாகப் பொதுச் சுகாதார நிலையத்துக்கு வந்து தொடர் இருமல் என்று சொன்னால், அங்கேயே சளியைப் பரிசோதிக்க வேண்டும். ‘எத்தனை வாரமாக இருமல்?’ என்ற கேள்விக்கு நோயாளி தரும் விடையே திட்டத்தின் நுழைவாயிலாயிற்று. மூன்று வாரம் என்றிருந்த வரையறை பிற்காலத்தில் இரண்டு வாரமாகக் குறைக்கப்பட்டதே தவிர, கேள்வி மாறவில்லை.

இந்தியக் காசநோய்த் திட்டம் இவ்வாறு இரண்டு மரபுகளைச் சுமந்து வளர்ந்தது. தும்கூர் மரபில் நோயாளியின் சொல் சான்று. சென்னை மரபில் நோயாளியின் சொல் சந்தேகத்துக்குரியது. நடைமுறையில் இவ்விரண்டும் தம் எல்லைகளைப் பிரித்துக்கொண்டன. நோய் உறுதியாகும்வரை ‘என்ன செய்கிறது?’ என்ற கேள்வி ஆண்டது. சிகிச்சை அட்டை எழுதப்பட்ட நாள் முதல் ‘மாத்திரை போட்டீர்களா?’ என்பதே ஆண்டது.

அட்டையும் பெட்டியும்

மூன்று பத்தாண்டுகளில் தேசியத் திட்டம் தளர்ந்தது. மருந்துத் தட்டுப்பாடு, ஊழியர் பற்றாக்குறை, இடைநிற்றல் ஆகியவை அதை வலுவிழக்கச் செய்தன. 1992இல் நடந்த மறுஆய்வு, சிகிச்சை தொடங்கியோரில் பாதிக்கும் குறைவானவர்களே அதை முடிப்பதாகக் கண்டது. 1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக நெருக்கடியாக அறிவித்தது. அதே ஆண்டில் தில்லியின் குலாபி பாக், குஜராத்தின் மெஹ்சானா உள்ளிட்ட இடங்களில் திருத்தியமைக்கப்பட்ட திட்டம் சோதனையாகத் தொடங்கியது. 1997இல் முறையாக அறிமுகமாகி 2006இல் நாடு முழுவதையும் எட்டியது.

திருத்திய திட்டத்தின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஒவ்வொரு நோயாளிக்கும் முழுச் சிகிச்சைக்கான மருந்து தனிப் பெட்டியில், அவர் பெயரெழுதி ஒதுக்கி வைக்கப்பட்டது. பாதியில் மருந்து தீர்ந்துபோகும் அவலம் இதனால் பெரிதும் நீங்கியது. வாரம் மும்முறை, அங்கன்வாடிப் பணியாளரோ கடைக்காரரோ சுகாதார ஊழியரோ பார்த்திருக்க நோயாளி மாத்திரையை விழுங்கினார். பார்த்தவர் அட்டையில் குறியிட்டார்.

இக்குறியீடுகள் திரண்டு காலாண்டு அறிக்கைகளாயின. அவற்றில் சிகிச்சையின் முடிவு சில கட்டங்களுக்குள் அடங்கியது: குணமடைந்தார், சிகிச்சையை நிறைவு செய்தார், இறந்தார், சிகிச்சை தோற்றது, இடையில் விட்டார், வேறிடம் மாற்றப்பட்டார். ஓர் ஊரை மற்றோர் ஊரோடும் ஒரு நாட்டை மற்றொரு நாட்டோடும் ஒப்பிட இக்கட்டங்கள் பேருதவி புரிந்தன. ஆனால் இவற்றுள் ஒன்றைக்கூட நோயாளி நிரப்பவில்லை. சளியில் கிருமி இல்லை என்றால் ‘குணம்’. படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, வேலைக்குத் திரும்ப முடிந்ததா என்பவை எந்தக் கட்டத்திலும் வரவில்லை. நுரையீரல் தழும்பேறிய பலருக்கு, கிருமி ஒழிந்தபின்னும் மூச்சுத்திணறல் தொடர்கிறது. அவர்களும் வெற்றிக் கணக்கில்தான் சேர்ந்தனர்.

இடையில் விட்டவரைக் குறித்த சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. கடன் தவறியவரைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல்தான் மருந்து தவறியவருக்கும் வழங்கியது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டு, ‘தொடர்பில் இல்லாதவர்’ என்ற பொருள்படும் தொடரை ஏற்றது. பழி நோயாளியிடமிருந்து சற்று விலகியது. விட்டதற்கான காரணம் அப்போதும் பதிவேட்டுக்கு வெளியில்தான் இருந்தது.

மாத்திரைக்குப் பின்னால் ஓர் எண்

நேரடிக் கண்காணிப்பின் சுமை பெரும்பாலும் ஏழைகள் மேல் விழுந்தது. நாள்கூலிக்காரர் மையம் திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தால் அன்றைய வேலை போகும். மணமாகாத பெண் வாரம் மும்முறை ஒரே வாசலில் நின்றால் ஊர் கேட்கும். தினசரிச் சிகிச்சைக்கு மாற வேண்டும் என்ற மருத்துவ நிலைப்பாடு வலுத்தபோது, நாள்தோறும் ஒருவரை நேரில் பார்ப்பது எப்படி என்ற கேள்வியும் எழுந்தது.

இதற்கு விடையாக வந்தது 99டாட்ஸ். பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் பில் தீஸ் முதலானோர் உருவாக்கிய இம்முறை பின்னர் எவர்வெல் நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்தது. மாத்திரை அட்டை ஒரு தாளுறையில் பொதியப்படும். மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால் அதன் பின்னால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் வெளிப்படும். அந்த எண்ணைக் கட்டணமின்றி அழைத்தால், அன்றைய மருந்து உண்டதாகக் கணினியில் பதிவாகும். எந்த நாளில் எந்த எண் வரும் என்பதை நோயாளி முன்கூட்டி அறிய இயலாது. எனவே மாத்திரையை எடுக்காமல் அழைக்கவும் இயலாது. பேச வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை, விலையுயர்ந்த கைப்பேசி வேண்டியதில்லை. காசு செலவின்றி மணியடித்துச் செய்தி சொல்லும் மிஸ்டு கால் வழக்கம் ஏற்கெனவே ஊன்றிய நாட்டில், எளியவருக்கு ஏற்ற கூர்மையான வடிவமைப்பு இது.

முதலில் எச்ஐவி தொற்றும் காசநோயும் சேர்ந்தவர்களுக்கு இது பரவலாக வழங்கப்பட்டது. 2017இல் தினசரிச் சிகிச்சை நாடு முழுவதற்கும் விரிந்தபோது மற்றவர்களையும் எட்டியது. 2012 முதல் இயங்கிவந்த நிக்ஷய் மின்பதிவேட்டுடனும் இணைந்தது. அழைப்பு வந்த நாள், வராத நாள் என வண்ணமிட்ட நாட்காட்டியாக ஒவ்வொரு நோயாளியும் ஊழியரின் திரையில் தோன்றினார். வராத நாள்கள் கூடினால் ஊழியர் அழைத்துப் பேசுவார், அல்லது வீட்டுக்குச் செல்வார். இலட்சக்கணக்கானோர் மையத்துக்கு நடக்கும் கட்டாயத்திலிருந்து விடுபட்டனர். இது சிறிய நன்மையன்று.

ஆயினும் வடிவமைப்பைக் கூர்ந்து நோக்கினால் சென்னை மரபின் கைவரிசை தெரியும். மறைந்த எண் என்ற உத்தியே நோயாளியின் சொல்லை நம்பாமைக்குச் செய்த ஏற்பாடு. 1956இன் மாத்திரை எண்ணிக்கை, தொண்ணூறுகளின் அட்டைக் குறி, கைப்பேசியின் அழைப்பு ஆகிய மூன்றும் ஒரே கேள்விக்கான மூன்று கருவிகள். முன்பு பார்த்திருந்தவரிடம் ‘நேற்று முழுக்கக் குமட்டல்’ என்று ஒரு வார்த்தையேனும் சொல்ல முடிந்தது. பார்ப்பவர் போனபோது அந்த வாய்ப்பும் குறைந்தது.

மீண்டும் சிறுநீர்

கைப்பேசி தரும் கணக்கு மெய்யானதா என்ற ஐயம் விரைவிலேயே எழுந்தது. அதைச் சோதித்தோர் சென்னை மையத்தின் வழிவந்தவர்களே. 1956இன் அந்த மையம் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து சென்னை, வேலூர், மும்பை நகரங்களில் ஏறத்தாழ 600 நோயாளிகளின் வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்றனர். சிறுநீரில் ஐசோனியசிட் இருக்கிறதா என்று பார்த்தனர். அதைக் கைப்பேசிப் பதிவோடு ஒப்பிட்டனர். அறுபதாண்டுக்கு முந்தைய முறை, புதிய வினைப்பொருளுடன்.

கைப்பேசிப் பதிவின் துல்லியம் எதிர்பார்த்த அளவு இல்லை என்பது 2020இல் வெளியான முடிவு. மருந்துண்டும் அழைக்காதவர் பலர். அழைத்தும் மருந்து உண்ணாதவரும் இருந்தனர். அழைப்பு வராத நாள்களில் ஊழியர்கள் நோயாளியைக் கேட்டோ தாமாகவோ ‘உண்டார்’ எனக் குறித்த பதிவுகள் கணக்கை மேலும் குழப்பின.

இவ்விடத்தில் வரலாற்றுக் கேள்வி கூர்மையடைகிறது. ஒருவர் மருந்துண்டும் ஏன் அழைப்பதில்லை? கைப்பேசி கணவரிடமோ மகனிடமோ இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் 54 விழுக்காட்டினர் மட்டுமே. நோயை மறைத்து வாழும் வீட்டில், வரும் குறுஞ்செய்தியே அச்சம் தரும். இவற்றோடு மற்றொன்றும் உண்டு: அழைப்பதால் அழைப்பவருக்கு என்ன கிடைக்கிறது? தகவல் ஒரே திசையில் செல்கிறது. தம் வலிக்கு மறுமொழி வராத ஒரு வழியை, ஆறு மாதம் நாள்தோறும் பயன்படுத்த வேண்டிய கடமை மட்டுமே நோயாளிக்கு உள்ளது.

மற்றைய கேள்வியைக் கேட்ட இடம்

நோயாளி தாமே அறிகுறிகளைப் பதிவு செய்வதற்கு வேறொரு மரபு புற்றுநோய் மருத்துவத்தில் வளர்ந்தது. நாற்பதுகளின் இறுதியில் அமெரிக்காவில் கார்னாஃப்ஸ்கி உருவாக்கிய அளவுகோல், நோயாளியின் இயங்குதிறனை மருத்துவரே மதிப்பிடுவது. 1993இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிட்ட முப்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நோயாளியே நிரப்பினார்: வலி, களைப்பு, குமட்டல், தூக்கம், பணக்கவலை.

இம்மரபு மின்வடிவம் பெற்றபோது ஒரு முக்கியச் சோதனை நடந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், பரவிய புற்றுநோயுடைய 766 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 12 அறிகுறிகளை இணையவழியே தாமே பதிவு செய்தனர். ஏதேனும் ஒன்று கடுமையானால் செவிலியருக்கு உடனே எச்சரிக்கை சென்றது. செவிலியர் அழைத்துப் பேசினார், மருந்தை மாற்ற ஏற்பாடு செய்தார். மற்றப் பிரிவினர் வழக்கம்போல மருத்துவரைச் சந்தித்தபோது சொன்னார்கள். 2017இல் ஈத்தன் பாஷ் குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, பதிவு செய்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். புதிய மருந்து ஏதும் கொடுக்கப்படவில்லை.

அமெரிக்கப் பெருமருத்துவமனை ஒன்றின் அனுபவத்தை இந்தியச் சுகாதார நிலையத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆனால் அந்த முறை எதனால் இயங்கியது என்பது தெளிவு. கேள்வி நோயாளியின் துன்பத்தைப் பற்றியது. மறுமுனையில் விடையளிக்கும் பொறுப்புடைய ஒருவர் இருந்தார். இவ்விரண்டில் ஒன்று இல்லையெனில் செயலி வெறும் பதிவேடு.

கேட்காததன் விலை

காசநோயில் கேட்காததன் விலையை மருந்து எதிர்ப்புக் காசநோய்ச் சிகிச்சை தெளிவாகக் காட்டுகிறது. 2007 முதல் இந்தியாவில் படிப்படியாக விரிந்த அச்சிகிச்சையில், கானமைசின் ஊசி மாதக்கணக்கில் போடப்பட்டது. அது செவித்திறனைக் கெடுக்கும். கெட்டது பெரும்பாலும் திரும்பாது. கேள்திறனை அளக்கும் கருவிகள் எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் காதில் ஓயாத இரைச்சல் என்ற முதல் எச்சரிக்கையைச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் வாரந்தோறும் அதைக் கேட்கும் ஒழுங்கு வலுவாக இருந்திருந்தால், மருந்தை மாற்றக் காலம் கிடைத்திருக்கும். சைக்ளோசெரின் மருந்தால் மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் நிலையும் இத்தகையதே. 2018இல் உலக சுகாதார நிறுவனம் கானமைசினை விலக்கப் பரிந்துரைத்தது. அதற்குமுன் அதைப் பெற்றவர்களுள் பலர் ‘குணமடைந்தார்’ என்ற கட்டத்துக்குள் கேட்கும் திறனின்றி நுழைந்தனர்.

சாதாரணக் காசநோய்ச் சிகிச்சையிலும் பைரசினமைடு மூட்டு வலி தரும்; மருந்துகள் சேர்ந்து ஈரலைத் தாக்கலாம். குமட்டலும் பசியின்மையும் மஞ்சள் காமாலைக்கு முன்வரும் அறிகுறிகள். அவற்றுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்தியவர் திரையில் ‘அழைப்பு வரவில்லை’ என்று தெரிவார். சோம்பலால் விட்டவரும் அவ்வாறே தெரிவார். முன்னவர் நிறுத்தியது ஒருவேளை அவர் உயிரைக் காத்த செயலாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்த அக்கருவிக்குத் தெரியாது.

அண்மை ஆண்டுகளில் சில கதவுகள் திறந்துள்ளன. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், பக்கவிளைவுகளைப் பொதுமக்களே தெரிவிக்கத் தனிப் படிவம் தந்துள்ளது. காசநோய்த் திட்டத்துக்கென உதவித் தொலைபேசியும் நோயாளிகளுக்கான செயலியும் வந்துள்ளன. சிகிச்சை முடிந்தபின் இரண்டாண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளியைக் காண வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானவுடனேயே எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், உயிர்வளி அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. உடம்பின் நிலையைப் பற்றிய கேள்வி சிகிச்சை அட்டையின் முதல் நாளுக்குள் இவ்வாறு நுழைந்திருக்கிறது.

நோயாளியின் சொல்லே முழு உண்மை என்று கொள்வதும் பிழை. 2019-21 தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் 42.6 விழுக்காடு நோயாளிகள் தவறியிருப்பர். அறிகுறி இருந்தோரிலும் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் சிகிச்சை தேடிச் செல்லவில்லை. தும்கூரில் பாதிக்கும் மேற்பட்டோர் சென்றிருந்தனர். இரு ஆய்வுகளும் வெவ்வேறு மக்களை வெவ்வேறு முறையில் கேட்டவை. நேராக ஒப்பிட இயலாது. எனினும் சொல்பவர் சொல்வதற்கும் கேட்பவர் கேட்பதற்கும் உள்ள உறவு தானாக நிலைப்பதில்லை, பேணப்பட வேண்டியது என்பதை அந்த எண்கள் உணர்த்துகின்றன.

செயலிகளை மதிப்பிடும் ஆய்வு மாணவர்கள் பொதுவாக எத்தனை பேர் பதிவிறக்கினர், எத்தனை பேர் நாள்தோறும் பயன்படுத்தினர் என்று கணக்கிடுகின்றனர். இந்த வரலாறு வேறு மூன்று கேள்விகளை அவர்கள் முன் வைக்கிறது. அச்செயலி கேட்பது மாத்திரையையா, உடம்பையா? நோயாளி எழுதிய விடையை எத்தனை மணி நேரத்துக்குள் யார் படிக்கிறார்? படித்தவருக்கு மருந்தை மாற்றவோ மருத்துவரை அழைக்கவோ அதிகாரம் உண்டா? தும்கூரின் கிராம மக்கள் 1963க்கு முன்பே தம் நோயைச் சொல்லிவிட்டார்கள்; இருமல் மருந்துப் புட்டியோடு வீடு திரும்பினார்கள். கைப்பேசியில் தன் வலியை எழுதி மறுமொழி பெறாத நோயாளியும் அதே புட்டியோடுதான் திரும்புகிறார்.